நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் காதல்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ரகசியம்’ பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு நோட்டீஸ் போர்டு. சார்பதிவாளர் அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். கம்பி வலை போட்ட கதவு, சின்னப் பூட்டு, உள்ளே பழுப்பேறிய தாள்கள். இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்கிற எச்சரிக்கை, லஞ்சம் கேட்டால் அழைக்க வேண்டிய எண், இவற்றுக்கு நடுவே ஒரு தாளில் ஒரு பெண்ணின் பெயரும் ஒரு ஆணின் பெயரும் இருக்கும். இருவரின் வயது, தொழில், இப்போது குடியிருக்கும் முகவரி, நிரந்தர முகவரி, எவ்வளவு காலமாக அங்கே குடியிருக்கிறார்கள் என்கிற விவரம் எல்லாம் இருக்கும். இவர்கள் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் 30 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று அந்தத் தாள் சொல்லும். பத்திரம் பதிய வந்தவர்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்வரை பொழுது போகாமல் அதைப் படித்துக்கொண்டு நிற்பார்கள்.

1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 5, 6, 7 ஆகிய பிரிவுகள் செய்கிற வேலை இது. மதத்தையும் புரோகிதரையும் கேட்காமல் இரண்டு பேர் சேர்ந்து வாழலாம் என்று வழிவிட்ட சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழிக்கு ஒரு சுங்கம் வைத்திருக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு ஒரு புத்தகத்தில் பதியப்படும். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வந்து காசு கட்டாமல் புரட்டிப் பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழ் வாங்கக்கூட நாம் கட்டணம் கட்டுகிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. பிறகு அதன் நகல் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டப்படும்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் ஊரைவிட்டு ஓடிவந்து கோயம்புத்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரந்தர முகவரி எந்த மாவட்டமோ, அந்த மாவட்டத்தின் திருமண அலுவலருக்கும் ஒரு நகல் போகும். அங்கேயும் ஒட்டுவார்கள். எந்த ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஓடிவந்தீர்களோ, அந்த ஊருக்கு அரசே தபால் போடுகிறது. நீங்கள் இப்போது எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.

ஆட்சேபணைக்குச் சட்டம் ஒப்புக்கொள்கிற காரணங்கள் மிகச் சில. ஏற்கெனவே திருமணமானவரா, உரிய வயது வந்தவரா, சம்மதம் கொடுக்கும் மனநிலையில் இருக்கிறாரா, தடை செய்யப்பட்ட உறவுமுறையா, அவ்வளவுதான். ‘பையன் வேற ஆளுங்க’ என்று யாரும் ஆட்சேபணை மனு போட முடியாது. ஆனால் அரிவாளோடு கிளம்புகிறவனுக்கு மனு எதற்கு? அவனுக்குத் தேவைப்பட்டது முகவரி மட்டும்தான்.

இது மதம் மாறிக் கட்டிக்கொள்கிறவர்களின் பிரச்சினை, சாதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இந்து என்று சான்றிதழில் இருக்கிற இருவர், என்ன சாதியாக இருந்தாலும், இந்துத் திருமணச் சட்டத்தில் இந்த 30 நாள் அறிவிப்பு இல்லாமலேயே திருமணம் செய்யலாம். உண்மைதான். ஆனால் நம் சேரிகளில் எத்தனை குடும்பங்கள் கிறித்தவக் குடும்பங்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்த் தெருப் பெண்ணும் சேரிக் கிறித்தவப் பையனும் ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போய் வந்தவர்களாக இருப்பார்கள். தீண்டாமை என்று வரும்போது அவன் பறையன். பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது அவன் கிறித்தவன். திருமணம் செய்யப் போகும்போதும் அவன் கிறித்தவன். ஆகவே அவனுக்கும் அவளுக்கும் நோட்டீஸ் போர்டுதான். இல்லையென்றால் இருவரில் ஒருவர் மதம் மாற வேண்டும். தாத்தா காலத்தில் சாதிக் கொடுமைக்காக விட்டு வந்த மதத்துக்குள், பேரன் உயிருக்குப் பயந்து திரும்பப் போவதை என் ஆய்வில் பார்த்திருக்கிறேன்.

என் ஆய்வு, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஒவ்வொருவரிடமும் பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். உங்கள் பெயர், ஊர் எதையும் வெளியிட மாட்டேன் என்று நான் அதில் உறுதி தருவேன். கீழே அவர்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அக்கா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “பேரு வெளிய தெரியாதுன்னு சொல்ற தாள்லயே பேர எழுதச் சொல்றியே தம்பி, இந்தத் தாள எங்க வைப்ப?” என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் அந்தப் படிவங்களை விடுதி அறையில் வைப்பதில்லை. எங்கே வைக்கிறேன் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன்.

நம் மொழியில் ரகசியத்துக்கு இரண்டு வாசனை இருக்கிறது. வேதத்துக்குத் தமிழில் ‘மறை’ என்று பெயர். மறைத்து வைக்கப்பட்டது, எல்லோர் காதிலும் விழக் கூடாதது என்பதால் அதற்கு ஒரு புனிதம் வந்து சேர்ந்தது. ராமானுஜர் திருக்கோட்டியூர்க் கோயிலில் ஏறி நின்று மந்திரத்தை ஊருக்கே சொன்னார் என்கிற கதையை இன்றைக்கும் ஒரு புரட்சியாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் எவ்வளவு இறுக்கி மூடி வைத்திருந்திருப்பார்கள் என்று பாருங்கள். மேலே இருப்பவர்கள் மறைத்தால் அது மறை. கீழே இருப்பவர்கள் மறைத்தால் அது திருட்டு. திருட்டுக் கல்யாணம், கள்ளக் காதல், ‘ஓடிப்போனவ’. ஒரு பெண் தன் கைப்பேசிக்குப் பூட்டு போட்டாலே வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது. அண்ணன்காரனின் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று எந்த வீட்டிலாவது கேட்டிருக்கிறார்களா?

இதே மொழியின் இலக்கணம் வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய காதலுக்குத் தொல்காப்பியம் ‘களவு’ என்றுதான் பெயர் வைத்தது, குற்றம் என்கிற பொருளில் அல்ல. ஊர் வாய்க்கு விழுந்தால் அது ‘அலர்’. அலர் முற்றினால், வீட்டில் காவல் கூடினால், ‘உடன்போக்கு’. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிற விதி. பெயர் சொன்னால் அது அகம் ஆகாது. சங்க காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை; அந்தப் பொற்காலக் கதை எனக்கு ஒவ்வாது. ஆனால் காதலித்தவர்களின் பெயரை வெளியே சொல்லாதே என்று விதி எழுதியது தமிழ் இலக்கணம். பெயர், வயது, தொழில், முகவரியோடு சுவரில் ஒட்டு என்று விதி எழுதியது இந்தியக் குடியரசு. செம்மொழி மாநாட்டில் உடன்போக்குக்கு ஆய்வுக் கட்டுரை வாசித்துவிட்டு, தன் தெருவில் உடன்போக்கு நடந்தால் கார் எடுத்துக்கொண்டு துரத்துகிற ஊர் நம்முடையது.

இப்போது விருத்தாசலத்துக்கு அருகே இருக்கிற புதுக்கூரைப்பேட்டைக்குப் போவோம். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த, பட்டம் படித்த பெண். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். செய்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். சட்டப்படி கணவன் மனைவி. அதற்கான சான்று கையில் இருக்கிறது. ஆனால் ஒரே ஊரில், தெரு மாறி, அந்நியர்களைப் போல நடமாட வேண்டும். அந்த ரகசியம்தான் அவர்கள் கட்டிய வீடு. வேறு கூரை அவர்களுக்கு இல்லை.

ஜூலையில் விஷயம் வெளியே தெரிந்தது. முருகேசன் கண்ணகியை உறவினர் வீட்டில் பத்திரமாகத் தங்கவைத்திருந்தார். அவள் எங்கே என்று கேட்டு முருகேசன் குடும்பத்தைச் சித்திரவதை செய்தார்கள். இடத்தைத் தெரிந்துகொண்டு கண்ணகியைக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று, ஊரார் பார்த்திருக்க, இருவருக்கும் மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

இந்த இடத்திலிருந்து இன்னொரு ரகசியம் தொடங்குகிறது. ஒரு ஊரே பார்த்த கொலை, நடக்காதது போல ஆனது. காவல் நிலையத்தில் வழக்கு இல்லை. பத்திரிகைகள் எழுதிய பிறகு போட்ட வழக்கும், இரண்டு குடும்பங்களும் சேர்ந்து அவரவர் பிள்ளையைக் கொன்றதுபோல ஜோடிக்கப்பட்டது. மகனைப் பறிகொடுத்த குடும்பத்தினரையே கைது செய்தார்கள். 2004இல் சிபிஐ கைக்கு வழக்கு போனது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 13 பேர் குற்றவாளிகள். அவர்களில் இரண்டு பேர் காவல்துறை அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது கொலை நடந்து கிட்டத்தட்ட 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டு பேர் காத்த ரகசியம் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. ஊரும் காவல்துறையும் சேர்ந்து காத்த ரகசியத்தை உடைக்க 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. ‘ஊரறிந்த ரகசியம்’ என்கிற தொடரை நாம் வேடிக்கையாகச் சொல்கிறோம். அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் சாதி நடத்துகிற ஆட்சியின் வழிமுறை. மறைப்பதற்கு அதற்கு இருட்டு தேவையில்லை. பகலில், கூட்டத்தின் நடுவில் வைத்தே அதனால் மறைக்க முடியும். சாட்சி சொல்ல வேண்டிய நூறு பேரும் அந்த ரகசியத்தின் பங்குதாரர்கள்.

நமக்கென்று சட்டம் வாய்விட்டு உறுதிகொடுத்த ரகசியம் ஒன்று உண்டு, வாக்கு. அதையும் பாருங்கள். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில், பல வாக்குச்சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்குத் தேர்தல் நடத்தை விதிகளில் 59-அ என்று ஒரு விதி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக. வாக்குப்பதிவு இயந்திரம் வந்ததும் சாவடிவாரியாக எண்ணத் தொடங்கினோம். எங்கள் காலனிக்குத் தனிச் சாவடி. அதன் எண்ணிக்கை மறுநாளே டீக்கடையில் பேசப்படும். ‘உங்க பூத்துல எங்களுக்கு இருபத்தி ரெண்டுதான் விழுந்திருக்கு’ என்று எங்கள் பெரியப்பாவிடம் ஒருவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் கோடையில் அவருக்குக் குத்தகைக்கு நிலம் கிடைக்கவில்லை. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையமும் கேட்டது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. தனி மனிதருக்கு ரகசிய வாக்கு. சேரிக்குப் பகிரங்க வாக்கு.

அம்பேத்கரின் வாழ்க்கையிலும் ஒரு பதிவேடு வருகிறது. 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்குகிறார். கொலம்பியாவில் படித்த மனிதர். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. யார் நீ என்று கேட்கிறது. மாலைக்குள் வெளியேறு என்கிறது. பரோடாவில் அவருக்கு இந்து நண்பர் ஒருவர் இருந்தார், கிறித்தவ நண்பர் ஒருவர் இருந்தார். இருவருமே வீட்டில் இடம் தர முடியாது என்று வெவ்வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதை அவரே எழுதியிருக்கிறார். வேறு பெயர் எழுதியதை அவர் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.

நான் வெட்கப்பட்டேன். ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் வாடகைக்கு ஒரு மாடி அறை பார்த்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். “தம்பிக்கு எந்த ஊரு?” சொன்னேன். “அங்க எந்தப் பக்கம்?” பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். “குலதெய்வம்?” எங்கள் ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் கும்பிடுகிற ஒரு சாமியின் பெயரைச் சொன்னேன். அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, “அப்ப நம்மாளுங்கதான்” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. அவர் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவில்லை. பதினான்கு மாதம் திருத்தவில்லை. அம்பேத்கர் படத்தை பீரோவுக்குள், கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன்.

ஒருமுறை அம்மா வந்தார். வருவதற்கு முன் போனில் சொன்னேன். “யாராச்சும் கேட்டா தெருப் பேரச் சொல்லாதம்மா.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நா எதுக்குப்பா பேசப்போறேன்” என்றார். எங்கள் அம்மா பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் மகள் கல்யாணம்வரை விசாரித்துவிட்டு இறங்குகிற ஆள். அந்த வீட்டில் ஒன்றரை நாள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா சாம்பார் கொண்டுவந்து கொடுத்தபோதும் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் மதியமே கிளம்பிவிட்டார். நூறுநாள் வேலை இருக்கிறது என்றார். அந்த வாரம் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ரகசியத்தைப் பாதுகாப்பு என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். அது இலவசமாகக் கிடைப்பதில்லை. நாம் கட்டுகிற அந்த விலையை வீட்டில் இருக்கிற வேறு யாரோ சேர்த்துக் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா கட்டினார்.

சாதியைச் சொல்லாமலிருப்பது இன்னொரு கூட்டத்துக்கு மட்டும் லாபமாக இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பட்டத்தை விட்டவர்கள் எல்லோரும் சாதியை விடவில்லை. நிலத்திலும் தொடர்புகளிலும் படிப்பிலும் சாதி தந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, ‘நாங்கெல்லாம் சாதி பாக்குறதில்ல’ என்று சொல்லும் வசதி ஒரு சாராருக்கு வந்தது. சாதியற்றவராகத் தோன்றுவதே உயர்சாதியின் சலுகை என்பதைச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய மௌனம் நாகரிகம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. நான் சொல்லாமலிருந்தால் ஏமாற்றியவன். உதவித்தொகை வந்திருக்கிறது, எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து ஆபீசுக்குப் போங்க என்று வகுப்பில் சொல்லும்போது எழுந்து நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு, மாணவரின் சாதி வகுப்பறையில் வெளிப்படக் கூடாது என்று சொன்னபோது எத்தனை எதிர்ப்பு வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் இயக்கத்தைப் பற்றி. சுயமரியாதைத் திருமணம் பகிரங்கமாக நடந்த திருமணம். மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மணமக்கள் பெயருக்குப் பக்கத்தில் தலைவர்கள் பெயரும் அச்சிட்டு நடத்தினார்கள். புரோகிதர் இல்லாமலும் கல்யாணம் செய்யலாம் என்று ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்தத் திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன காலமும் இருந்தது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ வேறு யாரேனுமோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால், அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும்.

ஆனால் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கிற சுயமரியாதைத் திருமணம் திருமணமே ஆகாது, நாலு பேருக்குத் தெரிய நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் முன்னோர் துணிச்சலுக்காக வைத்த பகிரங்கத்தை நீதிமன்றம் நிபந்தனையாக மாற்றியது. ஒன்பது ஆண்டுகள் அது நம் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கியது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. குடும்ப எதிர்ப்பால் உயிருக்கு ஆபத்து இருக்கிறவர்களிடம் பகிரங்கமாகச் செய்யுங்கள் என்று கேட்க முடியாது, பிரிவு 7-அ அப்படிக் கேட்கவில்லை என்றது. வழக்கறிஞர் ஒருவர் நண்பராக நின்று நடத்திவைக்கலாம் என்பதையும் ஏற்றது. இந்தத் தீர்ப்பை நீங்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நண்பனுக்காக ஒருநாள் தேவைப்படும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் இந்த வெளிச்சம் இன்னும் விழவில்லை. கேரளம் 2020இல் இந்த அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது, வகுப்புவாதக் கும்பல்கள் அதை எடுத்துப் பரப்பியதால். 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும் என்றது. நம் அலுவலகங்களில் கம்பி வலைக்குள் தாள் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. நாம் கொலைக்குப் பிந்தைய தண்டனையைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். கொலைக்கு முன்னால் முகவரி எப்படிக் கைமாறியது என்று பேசுவதில்லை. பெண்ணைக் காணவில்லை என்று புகார் வந்ததும், வயது வந்த பெண் என்று தெரிந்த பிறகும், கைப்பேசி சிக்னல் எந்த டவரில் இருக்கிறது என்பது பெண்ணின் அப்பாவுக்கு எப்படித் தெரிகிறது? சான்றொப்பம் வாங்கப் போன அலுவலகத்திலிருந்து மாமாவுக்கு எப்படி போன் போகிறது? இப்படித் தகவல் கொடுக்கிற அதிகாரியைக் கொலைக்கு உடந்தை என்று சேர்க்கிற பிரிவு அந்தச் சட்டத்தில் வேண்டும். 30 நாள் அறிவிப்பை நீக்கச் சொல்லி ஒன்றிய அரசை நெருக்க வேண்டும்.

நாமும் கொஞ்சம் வாயைக் கட்ட வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் நடந்தால் அன்று மாலையே முகநூலில் படம் போட்டு ‘வாழ்த்துகள் தோழர்’ என்று எழுதுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தம்பி, தங்கை திருமணம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மாலையோடு இருவரும் நிற்கிற படத்தைப் பகிர்ந்தேன். பெயரைக்கூடப் போடவில்லை, எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்தேன். படத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடைப் பெயர்ப்பலகை இருந்தது. மூன்றாம் நாள் அந்த மருந்துக்கடை வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சொன்னதால் பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். முன்பணமும் போனது, பாத்திரங்களும் போயின. உயிர் போகவில்லை என்பதற்கு நான் காரணமில்லை.

இப்போது வேறொரு ஊரில் இருக்கிறார்கள். குழந்தை பிறந்திருக்கிறது. பக்கத்து வீடுகளில் இருவருக்கும் வேறு பெயர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் சரியான பெயர் இருக்கிறது.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்றைய கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டலாமா என்று போன வாரம் போன் செய்து கேட்டேன். மருந்துக்கடை தெரியாதபடி வெட்டித்தான் காட்டுவேன் என்றேன். தம்பி சரி என்றான். அவன் கையிலிருந்து போனை வாங்கி அந்தத் தங்கை சொன்னாள். “பாப்பா ஸ்கூலுக்குப் போகட்டும்ணா. அப்பறம் நாங்களே வந்து நிக்கிறோம், படமெல்லாம் எதுக்கு.”

திரையை அணைத்தே வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான், தோழர்களே. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.